முந்நூறு அடியில் ஒரு குரல்

ட்ர்ர்ர்ர்ரிங்... ட்ர்ர்ர்ர்ரிங்...

தீ அலாரம் அலறிய அலறலில் ஹோட்டலே எழுந்து உட்கார்ந்தது. ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் ஹோட்டல் செருப்புமாகப் படிக்கட்டில் உருண்டு புரண்டு நான் வெளியே வந்தபோது, எங்கள் ஆட்கள் எனக்கு முன்பே புல்தரையில் கூடியிருந்தார்கள். விமானத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அலாரம் கேட்டால் முதலில் கால் எழுந்துவிடும். மூளை பின்னால் வந்து சேரும்.

கேப்டன் கோடு போட்ட பைஜாமாவில் இருந்தார். அதன் மேல் ஹோட்டல் கம்பளி. தலையில் மட்டும் யூனிஃபார்ம் தொப்பி.

“பாஸ்போர்ட்டை விட்டுட்டேன். தொப்பியை எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க!” என்று அவரே சிரித்துக்கொண்டார். “அஞ்சு பேரும் இருக்கோமா?”

இருந்தோம். கேப்டன், கோ-பைலட், விமானப் பணிப்பெண்களில் மூத்தவரான எங்கள் அக்கா, வாய் ஓயாததால் வாயாடி என்று பெயர் வாங்கிய இன்னொரு பணிப்பெண், பின்வாசல் பொறுப்பில் இருக்கும் நான்.

பனி அப்படிக் கொட்டியது. எதிரே நின்ற காரின் முகப்பு தெரிந்தது, பின்பக்கம் இல்லை. விளக்குக் கம்பத்தின் உச்சியில் விளக்குக்குப் பதில் ஒரு மஞ்சள் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஹோட்டல் மேனேஜர் ஓடி வந்து கையைப் பிசைந்தார். ஏதோ வயர் கோளாறாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் தீயணைப்பு வண்டி வந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, பனியால் வண்டி மெதுவாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டு மறைந்தார். மூன்று எட்டு வைத்தார், காணவில்லை.

“போச்சுடா,” என்றாள் வாயாடி. “காலையில நாம கிளம்பின மாதிரிதான்.”

“கிளம்புவோம், கிளம்புவோம்,” என்றார் கேப்டன். “சாயங்காலம் வந்து இறங்கலையா? இதே பனிதானே? எல்லாம் தம்பி கண்ணு! எனக்கு முன்னாடி ரன்வே லைட்டைப் பார்த்துட்டான். கழுகுக் கண்ணு.”

அவர் தம்பி என்றது கோ-பைலட்டை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எப்போதும் கலகலப்பான ஆள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கி வரவில்லை. இப்போது கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தக் கடைசி வரிசைக் குழந்தையை மறந்துட்டீங்களே சார்,” என்றாள் வாயாடி. “வழி பூரா வீல் வீல்னு ஒரே அழுகை. அதோட அம்மாவே அழற நிலைமைக்கு வந்துட்டாங்க. இறங்கப் போறோம்கிறப்போ பட்டுனு நிறுத்திடுச்சு. தூங்கிடுச்சாக்கும்னு எட்டிப் பார்த்தா... கண்ணை முழிச்சிட்டு கம்முனு இருக்கு!”

“உன் மூஞ்சியைப் பார்த்திருக்கும்,” என்றேன் நான். முதுகில் ஒன்று வைத்தாள்.

“சரி சார், ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. தம்பி சார் லைட்டைப் பார்க்கிறப்போ நீங்க எங்க பார்த்திட்டிருந்தீங்க?”

கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “பனியில இறங்கறப்போ ஓட்டறவன் வெளியில பார்க்கக் கூடாது. பார்த்தா தலை சுத்தும், மேல எது கீழ எதுன்னு குழம்பிடும். அதனால நான் குனிஞ்சு மீட்டரையே பார்த்து இறக்குவேன். தம்பி நிமிர்ந்து கண்ணாடி வழியா வெளியில பார்ப்பான். தரைக்கு மேல இருநூறு அடி வர்றதுக்குள்ள அவனுக்கு ரன்வே லைட் தெரியணும். தெரிஞ்சா ‘லைட் தெரியுது’ன்னு சொல்வான். அப்போதான் நான் தலையைத் தூக்குவேன். சொல்லலைன்னா, இருநூறுல மூக்கைத் தூக்கி மேல போயிடணும். அந்த இருநூறுக்குப் பேர்தான் மினிமம்.”

“அப்போ அவர் வாயிலதான் நம்ம உசிரு.”

“அதான் வேலை.”

 அக்கா மெல்லச் சொன்னார்: “சில பேர் அதை முந்நூறா வச்சுக்குவாங்க.”

“வச்சுக்கலாம்,” என்றார் கேப்டன். “சட்டம் இருநூறுங்குது. மேல போடற ஒவ்வொரு அடியும் பயம்.”

“பயம்தான் சார். ஆனா, ஒருத்தர் அப்படிப் போட்டிருந்தார். அந்தப் பயமும் அவருக்கு உதவலை.”

நாங்கள் நால்வரும் அவரைப் பார்த்தோம். வாயாடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா... பேய்க் கதையா?”

“எனக்குத் தெரியாதும்மா. நடந்ததைச் சொல்றேன்.”

அக்கா கம்பளியைக் காதுவரை ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தார். நாங்கள் நெருங்கி நின்றோம்.

“என்கூட வேலைக்குச் சேர்ந்தவ ஒருத்தி... அவளோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. கார்கோ பைலட். சரக்கு விமானம், ரெண்டே பேர், அதுவும் ராத்திரியிலதான் ஓட்டம். பேர் வேண்டாம், மனுஷன் இன்னும் இருக்கார். அவர் முந்நூறு அடிக்குக் கீழ லைட் தெரியாம ஒரு இஞ்ச்கூட இறங்க மாட்டார். அதனால எல்லாரும் அவரை ‘முந்நூறு’ன்னே கூப்பிடுவாங்க.

“கேலி பண்ணா கோபமே வராது. ‘அதிகமா இருக்கிற நூறுல அம்பது அடி என் பொண்டாட்டிக்கு, அம்பது அடி உன் பொண்டாட்டிக்கு’ம்பாராம். ‘எனக்குக் கல்யாணம் ஆகலையே சார்’னு கோ-பைலட் சொன்னா, ‘ஆகணும்ல?’ம்பாராம்.

“ஒரு நாள்... விடியறதுக்கு முன்னாடி. கதையில எல்லாம் தனி ரோடுன்னு சொல்வாங்களே, இது அதைவிடத் தனி. ரோடே இல்லாத ரோடு. கீழ வெள்ளையா மேகம். மேல நட்சத்திரம். நடுவுல இவரும் கோ-பைலட்டும். கோ-பைலட் ஒல்லியா இருப்பான், ஒல்லின்னே வச்சுக்கோங்க.

“சரக்கு என்ன தெரியுமா? கோழிக்குஞ்சு. பொரிச்சு ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில, அடுக்கடுக்கா, வால் வரைக்கும். கீச் கீச் கீச்... ஓட்டு மேல மழை பெய்யற மாதிரி விடாம ஒரே சத்தம். காக்பிட் கதவைச் சாத்தினாலும் கேக்கும். உள்ள பூரா வைக்கோல் வாடை, சூடான இறகு வாடை.

“இறங்கறாங்க. மேகத்துக்குள்ள போயாச்சு. கண்ணாடி வெள்ளை. அவர் குனிஞ்சு மீட்டரைப் பார்க்கிறார். ஒல்லி வெளியில பார்க்கிறான். ஐநூறு... நானூறு...

“குஞ்சு சத்தம் நின்னுச்சு.

“குறையல. நின்னுச்சு. சுவிட்சை அணைச்ச மாதிரி... அத்தனை குஞ்சும் ஒண்ணா.

“அடுத்த நொடி, மூக்குல ஒரு வாடை. ஈரப் புல்லு. அப்போ வெட்டின ஈரப் புல்லு. தரையில நின்னாத்தானே புல்லு வாடை வரும்? அவங்க முந்நூறு அடி உயரத்துல இருக்காங்க.

“காதுக்குள்ள ஹெட்செட்ல நிதானமா ஒரு குரல். ‘லைட் தெரியுது.’

“அவர் தலையைத் தூக்கறார்.

“வெள்ளை. சுவர் மாதிரி... வெறும் வெள்ளை.”

அக்கா நிறுத்தினார். எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்ஜினை முழுசா முடுக்கி மூக்கைத் தூக்கினார். சாருக்குத் தெரியும், தூக்கின உடனே பிளேன் ஏறிடாது. கனம். கொஞ்சம் இறங்கிட்டுத்தான் ஏறும். அப்படி இறங்கறப்போ கீழ கறுப்பா ஏதோ சர்ருனு போச்சாம். மரமோ, கூரையோ... அந்த நூறு அடி இல்லைன்னா அன்னிக்கே கதை முடிஞ்சது.

“மேல வந்ததும் கத்தினார். ‘ஏண்டா, எதைப் பார்த்துடா தெரியுதுன்னே?’

“ஒல்லி அவரையே பார்க்கிறான். ‘சார்... நான் வாயே திறக்கலையே சார்.’

“பின்னாடி கீச் கீச் கீச்னு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு.”

“ஐயோ,” என்றாள் வாயாடி.

“ஏர்போர்ட் டவர்காரன் வேற யார்கிட்டயாவது பேசியிருப்பான்,” என்றார் கேப்டன். “ரேடியோவுல கலந்திருக்கும்.”

“அவரும் அப்படித்தான் நினைச்சார். ஹெட்செட்டை மாத்தினாங்க. வயரை எல்லாம் பிரிச்சு மாட்டினாங்க. காது டாக்டர்கிட்ட போனார். டாக்டர் பார்த்துட்டு, ‘உங்க வயசுக்கு இவ்வளவு நல்லாக் கேக்கறதே தப்பு’ன்னாராம்.”

“காக்பிட்ல பேசறதைப் பதிவு பண்ற பெட்டி இருக்குமே?” என்றேன் நான்.

“இருந்துச்சு. போட்டுக் கேட்டாங்க. ஒல்லி உயரம் சொல்றது இருக்கு. என்ஜின் முடுக்கறது இருக்கு. அவர் திட்டறது இருக்கு. அந்தக் குரல் இல்ல.” அக்கா விரலை உயர்த்தினார். “ஆனா குஞ்சு சத்தம் நிக்குது. அது பதிவாகியிருக்கு.”

கோ-பைலட் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அன்று இரவு அவர் யாரையாவது நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அவர் என்ன பண்ணினார் தெரியுமா? அந்த முந்நூறு அடிக் கோட்டை இன்னும் மேல தூக்கினார். முந்நூறு வேண்டாம், இனிமே நானூறு. அடுத்த பனி நாள்... நானூறுல வந்துச்சு. ‘லைட் தெரியுது.’ தூக்கிப் பார்த்தா வெள்ளை. சரி, ஐநூறு. ஐநூறுல வந்துச்சு. எங்க கோடு போட்டாலும் அந்தக் கோட்டு மேல வந்து நின்னுச்சு. வீட்டுக்குக் கம்பி போட்டு, பூட்டு போட்டு, அதுக்கு மேல ஒரு பூட்டு போட்டு... உள்ள திரும்பினா ஆள் நிக்கிற மாதிரி.

“பனி இல்லாத நாள்ல ஒண்ணும் வராது. பனியிலயும் அவர் கையில ஓட்டற நாள்ல மட்டும்தான் வரும். ஒல்லி ஓட்டி, அவர் வெளியில பார்த்தா வராது.”

“அப்போ ஒல்லியையே ஓட்டச் சொல்ல வேண்டியதுதானே?” என்றாள் வாயாடி.

“கேப்டன் பதவியில இருந்துட்டு, பனியில மட்டும் நான் ஓட்ட மாட்டேன்னா? கம்பெனி விடுமா? ஏற்கெனவே ஒவ்வொரு தடவையும் திரும்பி வேற ஊருக்குப் போய் இறங்கறார். குஞ்சு பாதி செத்துப் போகுது. கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு உக்கார வச்சு, டீ எல்லாம் கொடுத்து, சொன்னானாம்: ‘இன்னொரு தடவை திரும்பிப் போனீங்கன்னா, நேரா வீட்டுக்கே போயிடுங்க.’

“பொண்டாட்டி சொன்னா, ‘போனா போகுது, விட்டுத் தொலைங்க.’ அவர் சொன்னாராம், ‘பறக்கறதை விட்டா எனக்கு சைக்கிள்கூட விடத் தெரியாதுடீ.’ பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருந்த நேரம். மத்த கோ-பைலட் எல்லாம் அவர்கூட வரப் பயந்து லீவு போட ஆரம்பிச்சிட்டாங்க. ஒல்லி மட்டும்தான் வந்தான். ‘சார் தூக்கிட்டுப் போயிடுவார், நான் செத்துப்போக மாட்டேன்’னு அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“கடைசியில ரெண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பிளேன்ல வச்சுப் பேசலை. ரொம்ப தூரம் தள்ளி, பெட்ரோல் லாரி மறைவுல, அதோட என்ஜின் ஓடற இரைச்சல்ல, காதோட காது வச்சுப் பேசினாங்களாம். ‘வாயால சொல்லாதே. லைட் தெரிஞ்சா என் தோளை ரெண்டு தட்டு தட்டு. காதுல என்ன கேட்டாலும் நான் தலையைத் தூக்க மாட்டேன். தட்டினாத்தான் தூக்குவேன்.’

“நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு கை கொடுத்துக்கிட்டாங்க.”

“சபாஷ்,” என்றார் கேப்டன். குரலில் பழைய எகத்தாளம் குறைந்திருந்தது. “நல்ல யோசனைதான்.”

“நல்ல யோசனைதான் சார்.

“அன்னிக்கு ராத்திரியும் குஞ்சுதான். போகப் போக எல்லா ஊரும் பனியில மூடிடுச்சு. இறங்க வேண்டிய ஊரை இன்னும் மூடலை, ஆனா மூடின மாதிரிதான். அதை விட்டா இன்னொரு ஊர். அதுக்கு மேல போக எண்ணெய் இல்ல. இங்க ஒரு தடவை, அங்க ஒரு தடவை. அவ்வளவுதான் கையிருப்பு.

“இறங்க ஆரம்பிச்சாங்க. பழையபடி முந்நூறுன்னே வச்சுக்கிட்டார். எவ்வளவு வச்சாலும் அது வரப் போகுது, இதுல என்ன. ஐநூறு. கீச் கீச் கீச். நானூறு. கீச் கீச்...

“நின்னுச்சு.

“புல்லு வாடை.

“‘லைட் தெரியுது.’

“அவர் அசையலை. பல்லைக் கடிச்சுட்டு மீட்டரையே பார்க்கிறார். வேர்வை கண்ணுல இறங்குது.

“‘லைட் தெரியுது.’ இந்தத் தடவை... கெஞ்சற மாதிரி. குழந்தை மிட்டாய் கேக்குமே, அந்த மாதிரி.

“அவர் தூக்கலை. மனசுக்குள்ள சிரிக்கிறார்கூட. போடா, நீ கத்திட்டே இரு. எனக்குத் தோள்ல தட்டினாத்தான் கணக்கு.

“முந்நூறு வந்துச்சு.

“தோள்ல... டப். டப்.

“ரெண்டு தட்டு. மெதுவா, பிரியமா தட்டின மாதிரி. அப்பாடான்னு இருந்துச்சாம் அவருக்கு. இத்தனை மாசத்துல அப்படியொரு நிம்மதி வந்ததில்லையாம். தலையைத் தூக்கினார்...

“வெள்ளை.

“தட்டின கை இன்னும் தோள்ல இருக்கு. ஈரமா, கனமா. ஒல்லியோட கைன்னு நினைச்சு திரும்பறார்...”

அக்கா ஒரு கணம் தன் தோளையே தொட்டுக்கொண்டார்.

“இடது தோள்.

“கேப்டன் உக்கார்ற சீட் இடது பக்கம். கோ-பைலட் அவருக்கு வலது பக்கம். இடது பக்கம் என்ன இருக்கு? ஜன்னல் கண்ணாடி. அதை விட்டா... ஆகாசம்.”

வாயாடி என் கையை நெரித்துவிட்டாள்.

“ஒல்லி? அவன் எங்க பார்த்துட்டு இருந்தான்?” என்றார் கேப்டன் வேகமாக.

“அவன் ரெண்டு கையையும் முட்டி மேல வச்சுட்டு நேரா வெளியில பார்த்துட்டு இருந்தான். அவன் வேலையே அதுதானே? அவனுக்கு ஒண்ணும் தெரியலை, ஒண்ணும் கேக்கலை. பிளேன் திடீர்னு குலுங்கி மேல ஏறினப்போதான் திரும்பிப் பார்த்தான். அவர் இடது தோளைத் துடைச்சுக்கிட்டே ஓட்டறார். துடைச்சுத் துடைச்சு... விடவே இல்ல.

“அடுத்த ஊர். கடைசி ஊர். இங்க இறங்கியே ஆகணும். எண்ணெய் முள் அடியில கிடக்குது.

“அங்கயும் பனி. இறங்கறாங்க. குஞ்சு கத்திட்டே இருக்கு. ஐநூறுல கத்துது, நானூறுல கத்துது. முந்நூறு தாண்டியும் கத்துது. வாடை இல்ல. அது வரலை.

“இருநூறுக்குக் கொஞ்சம் மேல, ஒல்லிக்குத் தெரிஞ்சிடுச்சு. நிஜமாவே. வரிசையா, பளிச்சுனு, ரெண்டு பக்கமும் லைட்டு. தோளைத் தட்டினான். வலது தோளை. ரெண்டு தட்டு.

“அவர் தலையைத் தூக்கலை.

“மறுபடி தட்டினான். தூக்கலை. ‘சார்! லைட் தெரியுது! சார், நான்தான் சார், லைட் தெரியுது!’ன்னு கத்தறான். தோளைப் பிடிச்சு உலுக்கறான். அவர் மீட்டரையே பார்த்துட்டு, குனிஞ்சபடியே, ‘இல்ல... இல்ல... இல்ல’ங்கிறார். கன்னத்துல தண்ணியா வழியுதாம். கை என்ஜின் கைப்பிடிக்குப் போகுது, மறுபடி மேல தூக்க. மேல போனா திரும்ப எண்ணெய் இல்ல.

“ஒல்லி அவர் கையைத் தட்டி விட்டுட்டு, தானே பிடிச்சு இறக்கிட்டான்.

“டயர் தரையில பட்டு, ஓடி, நின்னு, என்ஜினை அணைச்ச பிறகும் அவர் நிமிரலை. ‘இறங்கிட்டோம் சார், பாருங்க சார்’னு ஒல்லி சொல்றான். அவர் கேட்டாராம்: ‘இதைச் சொல்றது யாரு?’”

பனி புல்லின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. செருப்புக்குள் காலுறை நனைந்துவிட்டது.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன. அத்தோட பறக்கறது போச்சு. வீட்டுல இருக்கார். நல்லாத்தான் இருக்கார், சாப்பிடறார், டி.வி. பார்க்கிறார். ஆனா பொண்டாட்டி சமையல்கட்டுலேர்ந்து ‘சாப்பிட வாங்க’ன்னு கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டாராம். அவ நேர்ல வந்து எதிர்ல நின்னு, வாய் அசையறது தெரியற மாதிரி கூப்பிடணும். அப்பவும் ஒரு தடவை கேட்டுக்குவாராம், ‘நீதானே கூப்பிட்டே?’ன்னு. ரோட்டைத் தாண்டறதுன்னா யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். வண்டி வரலைன்னு வாயால சொன்னா நம்ப மாட்டார். மகள் கல்யாணத்துக்கு எப்படி மண்டபத்துக்குப் போனார்னு கேட்டேன். என் சிநேகிதி அழுதுட்டா.”

“பாவம்,” என்றாள் வாயாடி. “அது எதுக்கு அவரைப் பிடிச்சுது? அவர்தான் அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாரே?”

“யாருக்குத் தெரியும்?”

“அந்த பிளேன் இப்போ எங்க இருக்கு?”

“உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. அதனால என்ன? அது பிளேன்ல இருந்ததுன்னு யார் சொன்னா?”

கேப்டன் தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றி அதன் மேல் படிந்த ஈரத்தைத் தட்டினார். மறுபடி வைத்துக்கொண்டபோது பழைய கேப்டனாகியிருந்தார்.

“நல்லாத்தான் சொல்றீங்க அக்கா. எனக்கே ஒரு நொடி முதுகு சில்லுனு ஆயிடுச்சு. ஆனா பார்த்தீங்களா, முந்நூறு போட்டவருக்குத்தான் பேய் வருது. நான் இருநூறுக்காரன். அந்தப் பேய் முந்நூறுலயே நின்னு ஏமாந்துட்டுப் போயிடும்.”

நான் சிரித்தேன். சிரிக்க வேண்டும் போல் இருந்தது.

அப்போது ஹோட்டல் வாசல் பக்கம், பனிக்குள் நீலமாக ஏதோ கலங்கிச் சுழன்றது. “லைட் தெரியுது!” என்று கூவினாள் வாயாடி.

தூக்கிவாரிப் போட்டது எங்களுக்கு. அக்கா அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். “அடியே! தீயணைப்பு வண்டி வந்துடுச்சுன்னு சொல்லேன்டீ. உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?”

“சாரிக்கா, சாரிக்கா...”

இப்போது எல்லோரும் உண்மையாகவே சிரித்தோம். கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோ-பைலட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேப்டனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூட்ஸ் கால்கள் உள்ளே போயின, வந்தன. மேனேஜர் நேரில் வந்து, எதிரே நின்று, வயர் கோளாறுதான், எல்லோரும் உள்ளே போகலாம் என்றார். ஆட்கள் கம்பளியை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.

கேப்டன் கோ-பைலட்டின் முதுகில் கை வைத்தார். “வா தம்பி. கொஞ்சமாவது தூங்கு. காலையிலயும் இதே பனிதான். நான் குனிஞ்சு ஓட்டறேன், நீ பார்த்துச் சொல்லு. சாயங்காலம் சொன்னே பாரு, அந்த மாதிரி.” கொஞ்சம் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்: “உண்மையைச் சொல்லணும்னா, நீ ‘லைட் தெரியுது’ன்னதும் தலையைத் தூக்கினேன். ஒண்ணும் தெரியலை. வெறும் வெள்ளை. எனக்கே பக்குனு ஆயிடுச்சு. ஆனா உன் மேல இருக்கிற நம்பிக்கையில அப்படியே இறக்கிட்டே போனேன். டயர் தரையைத் தொடறதுக்கு முன்னாடிதான் ரன்வே கண்ணுல பட்டுச்சு. பேய்க் கண்ணுடா உனக்கு.”

கோ-பைலட் நகரவில்லை. ஈரப் புல்லில் வேர் விட்டவர் போல் நின்றார்.

“சார்...” என்றார். கேப்டனின் முகத்தை நேராகப் பார்த்தார். “நான் வாயே திறக்கலை சார். அது நீங்க சொன்னதுன்னுல்ல அப்போ நான் நினைச்சேன்?”